கோழி இடுப்பில் நுங்குக் கட்டி: விற்றுவிடலாமா?

தொண்டிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகி கேட்கிறார்: "விருந்துக்கு அடித்த கோழியின் இடுப்பெலும்பைப் பிளந்தால், உள்ளே நுங்குச் சுளை மாதிரி சின்னதாக ஒரு கட்டி. வழக்கமாக வரும் வியாபாரி அது சீழ் என்கிறார். மற்ற கோழிகளுக்கும் பரவியிருக்குமாம், பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடவா?"

கொடுக்காதீர்கள் அம்மா. அது சீழும் இல்லை, நோயும் இல்லை. கிளைக்கோஜன் உடலம் என்று பெயர்; நல்ல கோழிக்கும் இருக்கும், புறாவுக்கும் இருக்கும். இடுப்புக்கு நேரே தண்டுவடம் மேல்பக்கம் பிளந்து ஒரு பள்ளம் விடுகிறது, அதில் உட்கார்ந்திருக்கிறது. கிளைக்கோஜன் என்றால் நம் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச்சத்துதான்.

இது எங்கிருந்தும் தொற்றியதல்ல. அடை வைத்து 8ஆம் நாள் வாக்கிலேயே, கருவின் தண்டுவடத்தில் முதுகுப்பக்கச் செல்கள் சில கிளைக்கோஜனை நிரப்பிக்கொண்டு உப்பத் தொடங்கும். உப்புகிற உப்பில் செல்லின் உட்கருவே ஓரமாக ஒதுங்கிவிடும். 21ஆம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்தி வெளியே வரும்போது கட்டியோடுதான் வருகிறது. அடைமுட்டைக்குள் போய் யார் பரப்பினார்கள் என்று அந்த வியாபாரியிடமே கேளுங்கள்.

கோழியைப் பட்டினி போட்டால் ஈரலில் இருப்பது கரையும், இது கரையாது. ஆகவே தீவனக் கோளாறு என்று சொல்லி டானிக் பாட்டில் நீட்டுகிறவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். போன மாதம்கூட ஒருவர் இதே கட்டிக்கு மூன்று பாட்டில் வாங்கிவிட்டு என்னிடம் வந்தார்.

ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுங்கள். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கோழி படுத்துவிட்டால், அது நரம்பைத் தாக்கும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது கட்டியை அல்ல, இரண்டு தொடையிலும் ஓடும் வெள்ளை நரம்பை. இரண்டும் ஒரே பருமனாக, மெல்லிய குறுக்குக் கோடுகளோடு இருந்தால் பெரும்பாலும் சரி. ஒன்று மட்டும் தடித்து, கோடு அழிந்து, மஞ்சளடித்திருந்தால் சந்தேகம்தான். இதற்கு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த அன்றே தடுப்பூசி போட வேண்டும். பெரிய பண்ணைக் குஞ்சுக்குப் போடுகிறார்கள், நம் வீட்டு அடைக் குஞ்சுக்கு யார் போடுகிறார்கள்? கால்நடை மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பார், நாளைக்கு வா என்பார்கள். அந்த ஒரு நாளில்தான் வியாபாரி டாக்டராகிவிடுகிறார்.

அப்படி ஒரு கோழி செத்தால் ஃப்ரீசரில் போடாதீர்கள், உறைந்தால் சதை கெட்டுப் பரிசோதனைக்கு உதவாது. பையில் கட்டி, மீன் பெட்டி ஐஸுக்கு நடுவே வைத்து, அன்றைக்கே கொண்டு போங்கள்.