ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதையை ஒரே நாளில் நடக்க எப்படித் திட்டமிட வேண்டும்?

நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கவிருப்பதாகவும், அறுபது வயதைக் கடந்த பெற்றோரையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியின் சுற்றுப்பாதையை நடக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காலை உணவை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி. போதாது. இந்தப் பாதையைப் பொறுத்தவரை ஏனைய ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் புறப்படும் நேரத்திற்குப் பிறகுதான்.

காரணம் மூடுபனி. 2,100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தச் சமவெளி, தெற்கே உலக முடிவு என்னும் விளிம்பில் ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்திற்குச் செங்குத்தாக அறுந்து விழுகிறது. வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சூடாகி, அந்தப் பாறைச் சுவரோடு மேலெழுந்து, உயரத்தின் குளிரில் பனிமூட்டமாகிவிடும். பெரும்பாலான நாட்களில் ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் இது நடந்துவிடுகிறது. நான் முதன்முறை போனபோது, பேசி வைத்திருந்த வான் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததால், விளிம்பை அடையும்போது பத்தரை மணியைத் தாண்டிவிட்டது. எதிரே வெள்ளைத் திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறு ஆண்டு அவரை மீண்டும் அழைத்துச் சென்று ஏழே முக்காலுக்கு அங்கே நின்றோம். நேர் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனப்படும் வரிசை வீடுகளின் கூரைகள் வெயிலில் மின்னின. அதற்கப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் வரை தெளிவாகத் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து, கூரைகளுக்கு மேலே கையளவு பஞ்சு போல ஒரு மேகம் கிளம்பியது. பாறையைத் தடவிக்கொண்டே ஏறி வந்து பத்தே நிமிடத்தில் எங்கள் கால்களை ஈரமாக்கியது.

ஆகவே, எட்டு மணிக்கு உலக முடிவில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நடை தொடங்கும் பார் இன் என்னும் பழைய வேட்டை விடுதியிலிருந்து அங்கு சுமார் 4 கிலோமீட்டர். பெற்றோரின் நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பூங்காவின் வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். அனுமதிச்சீட்டு வரிசைக்கும் சோதனைக்கும் சிறிது நேரம் போய்விடும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீட்டர் வளைந்த மலைச்சாலை. எனவே, நாலே முக்காலுக்கெல்லாம் வாகனம் விடுதி வாசலில் நிற்க வேண்டும் என்று முதல் நாள் மாலையே சாரதியிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சுற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர். பாதை பிரியுமிடத்தில், உலக முடிவுக்கு முன்னால் வரும் சிறிய உலக முடிவு என்னும் விளிம்புக்குச் செல்லும் கிளையை முதலில் எடுங்கள். மற்றக் கிளையிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பனிமூட்டத்தால் பெரிய நட்டமில்லை, அது திரும்பும் வழிக்கு இருக்கட்டும். மழைநீர் அறுத்த களிமண் ஓடைகளும், முழங்கால் உயரத்திற்குப் படிபோல நிற்கும் வேர்களும், உருண்டு போகும் கற்களும் வழியெங்கும் உண்டு. பிடிமானம் உள்ள சப்பாத்து அனைவருக்கும் கட்டாயம். பெற்றோருக்கு ஆளுக்கொரு கைத்தடி இருந்தால் இறக்கங்களில் முழங்காலுக்குப் பெரிய உதவி. கொழும்பு போன்ற தாழ்நிலத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த உயரத்தில் சற்று மூச்சு வாங்கும் என்பதால் முதல் ஒரு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். விளிம்பில் மகளின் கையை விடாதீர்கள். படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடி வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

உலக முடிவிலிருந்து 2 கிலோமீட்டர் வந்தால் பேக்கர் நீர்வீழ்ச்சி. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. 20 மீட்டர் உயரந்தான், ஆனால் அருகில் செல்லும் இறக்கம் செங்குத்தானது. மழைக்குப் பின் வேர்கள் சோப்புப் போல வழுக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முழங்கால் வலி இருந்தால் ஒருவர் அவர்களோடு மேலேயே இருந்துகொண்டு மற்றவர்கள் இறங்கி வரலாம். நீரில் இறங்க வேண்டாம்.

உணவு விடயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பொலித்தீனை உள்ளே கொண்டுசெல்ல முடியாது. வாயிலில் பைகளைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூடக் கிழித்து எடுத்துவிடுவார்கள். விடுதிகளில் கட்டித் தரும் காலை உணவு பெரும்பாலும் பொலித்தீனில்தான் வரும். நாங்கள் எவர்சில்வர் பெட்டியில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், குடுவையில் இஞ்சித் தேநீரும் கொண்டுபோனோம். இந்தச் சோதனையைத் தொல்லையாக நினைக்காதீர்கள். பார் இன் அருகே அதிகாலையில் மரைகள் என்னும் பெரிய மான்கள் மூக்கிலிருந்து ஆவி பறக்க மிக நெருக்கமாக வந்து நிற்கும். மனிதர் வீசும் உணவோடு பொலித்தீனையும் விழுங்கி அவை துன்பப்படுகின்றன. உங்கள் மகள் ஆசைப்பட்டாலும் ஒரு பணிஸ் துண்டைக்கூடக் கொடுக்க விடாதீர்கள். அதேபோல் பாதையை விட்டுப் புல்வெளியில் இறங்கவும் வேண்டாம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர்களும் இங்கிருந்து புறப்படுகின்றன. மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுவது அந்தப் புல்லும் அதன் கீழுள்ள கறுப்பு மண்ணுந்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் விடியற்காலைக் குளிர் கடுமையானது. ஜனவரியில் புல்நுனியில் உறைபனி படிவதும் உண்டு. ஒரே தடித்த மேலாடையைவிட, நடக்க நடக்கக் கழற்றக்கூடிய இரண்டு மெல்லிய ஆடைகளும் ஒரு மழை அங்கியும் நல்லது. நீர்வீழ்ச்சிக்குப் பிறகுள்ள மூன்றரைக் கிலோமீட்டரில் திறந்த புல்வெளிப் பகுதிகளில் நிழல் இருக்காது. காற்றின் குளிர்ச்சியில் வெயில் சுடுவது தெரியாமல் மாலையில்தான் முகம் எரியத் தொடங்கும். தொப்பியும், ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் அந்தக் கடைசிப் பகுதிக்காகவே. இப்படிப் புறப்பட்டால், வழியில் தாராளமாக உட்கார்ந்து எழுந்து வந்தாலும் பதினொன்றரை மணிக்குள் வாகனத்திற்குத் திரும்பிவிடுவீர்கள்.