நாய் நன்றாக இருக்கிறது, 28-ஆம் நாள் ஊசி வேண்டுமா?

கேள்வி: திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறேன். விடியுமுன் கெண்டைக்காலில் நாய் கடித்து ரத்தம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி வலிக்க வலிக்க ஒரு ஊசி போட்டார்கள். பிறகு இரண்டு கையிலும் தோலுக்குள் மூன்று தடவை போட்டாயிற்று. கடித்த நாய் மூன்று வாரமாகத் தோட்டத்தில்தான் சுற்றுகிறது. கடைசி ஊசிக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டுமா?

பதில்: கூலியை விடுங்கள். கட்டாயம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடித்த நாய் 10 நாள் தாண்டியும் நலமாக இருந்தால் அந்தக் கடியில் வெறிநோய் இல்லை என்பது சரி. ஆனால் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நாயும் இப்போது சுற்றுகிற நாயும் ஒன்றுதானா? ஒன்றே என்றாலும், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாள் ஊசியையும் முடிக்க வேண்டும் என்பதே நம் நாட்டு வழிகாட்டுதல்.

அம்மை வந்து போனவருக்கு உடம்பே எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. வெறிநோயில் அதற்கு வழியில்லை. கிருமி கடிவாயிலிருந்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு அதைக் கண்டுகொள்வதற்குள் காலம் கடந்துவிடும். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதனால்தான் செத்த கிருமியை ஊசியில் கொடுத்து முன்கூட்டியே பழக்குகிறோம்.

தோலில் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் அந்த மருந்தை விழுங்கி அக்குளுக்குக் கொண்டுபோகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே போன்ற நிணநீர் முடிச்சுகள் அக்குளிலும் உண்டு. அங்கே காத்திருக்கும் லட்சக்கணக்கான பி செல்களில் (எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும் வெள்ளை அணுக்கள்) இந்தக் கிருமியோடு பொருந்துபவை மிகச் சில. அவை மட்டும் பெருகத் தொடங்கும். பெருகும்போது சிறுசிறு மாற்றங்கள் நேரும். கிருமியை இன்னும் இறுகப் பற்றுபவை நிலைக்கும், மற்றவை மடியும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இதுதான். இப்படித் தேறியவற்றில் சில எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும், சில நினைவுச் செல்களாகத் தங்கும். 28-ஆம் நாள் ஊசி, தேறிய அந்தச் செல்களை மறுபடி தட்டி எழுப்பி, எதிர்ப்பை நீண்ட காலம் நிலைக்கச் செய்வதற்கு.

இந்த வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் கைமாற்றாக வாங்கிய எதிர்ப்புப் புரதம்தான் காயத்தைச் சுற்றிப் போட்ட அந்த வலி ஊசி. கடிவாயிலேயே அது கிருமியை மறிக்கிறது. கைமாற்று சில வாரங்களில் தீர்ந்துபோகும், நினைவு எதையும் விட்டுச்செல்லாது. தடுப்பூசி தொடங்கி ஏழு நாளுக்குப் பிறகு அதைப் போடுவதில்லை. உங்கள் சொந்த எதிர்ப்பு முளைக்கும் நேரத்தில் அது குறுக்கே நிற்கும்.

28-ஆம் நாள் தவறினால் அடுத்த நாளே போங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தோட்ட வேலையில் மறுபடி நாய் கடிக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். முழுதாக முடித்தவருக்கு 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி தேவைப்படாது. இதற்கெல்லாம் சான்று ஆஸ்பத்திரியில் தந்த சீட்டுதான். நான்காவது தேதியையும் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.