பன்னி சுட வர்றவங்ககிட்ட காசு வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். நிபோங் திபால் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் செம்பனை இருக்கு, வீட்டுக்காரர் தவறுனதுக்கு அப்புறம் நான்தான் பாத்துக்கிறேன். போன வருஷம் பழைய மரத்தை எல்லாம் தள்ளிட்டு புதுக் கன்னு வச்சோம், மூணு மாசம்கூட ஆகல, காட்டுப்பன்னி வந்து குருத்தையெல்லாம் நோண்டித் தின்னுட்டுப் போயிடுச்சு. இப்போ டவுன்லேர்ந்து நாலு பேரு வந்து, துப்பாக்கி லைசன்ஸ் இருக்கு, சனி ஞாயிறுல உள்ள விடுங்க, மாசம் 300 வெள்ளி (ரிங்கிட்) தர்றோம்ங்கிறாங்க. ஹூஸ்டன்ல இருக்குற என் அண்ணன் மகன் "அத்தை, இங்கெல்லாம் இது சாதாரணம், வாங்கிக்குங்க"ன்னு சொல்றான். வாங்கலாமா?
— வாசகி, நிபோங் திபால்

பதில்: அக்கா, உங்க அண்ணன் மகன் சொல்றது உண்மைதான், ஆனா அது அந்த ஊரு உண்மை. டெக்சஸ்ல 90 விழுக்காட்டுக்கு மேல நிலம் தனியார் கையில இருக்கு, அதனால வேட்டைக்குப் போறவங்க நிலத்துக்காரர்கிட்ட பேசி சீசனுக்கு இவ்ளோ, நாளுக்கு இவ்ளோன்னு குத்தகை கட்டித்தான் போவாங்க, அப்படி காசு வாங்குற நிலத்துக்காரரும் அதுக்குன்னு ஒரு லைசன்ஸ் எடுக்கணும். அங்க மான் நிலத்துக்காரருக்கு சொந்தமில்ல, அது பொதுச்சொத்து, அவரு விக்கிறது உள்ள வர்ற உரிமையத்தான். பன்னிக்கு மட்டும் ரொம்ப தளர்வு, 2019 செப்டம்பர்லேர்ந்து தனியார் நிலத்துல நிலத்துக்காரர் சரின்னா வேட்டை லைசன்ஸே வேணாம். அதைப் பாத்துட்டுதான் உங்க அண்ணன் மகன் சொல்றாரு.

நம்ம மலேசியச் சட்டம் வேற. 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள காட்டுப்பன்னியும் வருது, வேட்டைக்குப் போறவங்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான்கிட்ட லைசன்ஸ் எடுக்கணும். துப்பாக்கி லைசன்ஸ் போலீஸ் கொடுக்குறது, அது வேற பேப்பர். வந்தவங்க "லைசன்ஸ் இருக்கு"ன்னாங்களே, எந்த லைசன்ஸ்னு கேட்டீங்களா? ரெண்டையும் கையில வாங்கி, பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், தேதி எல்லாம் பாருங்க. கூட வர்ற நாலு பேருல ஒருத்தருக்குத்தான் துப்பாக்கி லைசன்ஸ் இருக்கும், மத்தவங்க மாத்தி மாத்திப் புடிச்சு சுடுவாங்க, இது நடக்குறதுதான். லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி கையில இருந்தா 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தான் அடி (பிரம்படி) வேற. அது உங்க நிலத்துல நடந்தா முதல்ல வந்து உங்க கதவைத்தான் தட்டுவாங்க.

இப்போ நான் இதுல ஏன் இவ்ளோ கவலைப்படுறேன்னு சொல்லிடுறேன். எங்கப்பா பால் மரம் வெட்டுனவரு, விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் தலையில விளக்கு கட்டிக்கிட்டு கித்தா (ரப்பர்) காட்டுக்குள்ள போயிடுவாரு. நான் பத்து வயசுல அவருகூட பால் எடுக்கப் போனப்போ ஒரு மரத்தடியில, கோப்பைக்கு நேர் கீழ, செவப்பு கலர்ல ஒரு தோட்டாக் கூடு கெடந்துச்சு, அடியில பித்தளை வளையம், மூக்குகிட்ட கொண்டு போனா மத்தாப்பு கொளுத்துன மாதிரி வாசனை. நான் விளையாட எடுத்தேன், அப்பா புடுங்கி கையிலேயே வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அந்த மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, நிலத்துக்காரர் யாருகிட்டயோ காசு வாங்கிட்டு ராத்திரியில உள்ள விட்டிருக்காரு, மரம் வெட்டுற ஆளுங்க யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. இருட்டுல அசையுற ஒரு விளக்கு, சுட வந்தவனுக்கு ஏதோ மிருகத்தோட கண்ணு மாதிரிதான் தெரியும். பன்னின்னு நெனச்சு ஆள சுட்டுட்டாங்கன்னு நம்ம பத்திரிகையிலயே எத்தனை தடவை படிச்சிருக்கோம்.

அதனால வாங்குறதா இருந்தா, உங்க தோட்டத்துல வேலைக்கு வர்றவங்க, பக்கத்துத் தோட்டத்துல குலை அறுக்குறவங்க, உதிரிப் பழம் பொறுக்குற அம்மாங்க, பக்கத்து நிலத்துக்காரங்க, இவங்க எல்லாருக்கும் எந்த நாளு, எத்தனை மணிக்குன்னு முன்கூட்டியே சொல்லிடணும். ஆளுங்க வேலை செய்யுற நேரத்துல ஒருத்தனையும் உள்ள விடாதீங்க. நாலு ஏக்கர்ங்கிறது துப்பாக்கிக்கு ரொம்ப சின்ன இடம்க்கா, உங்க எல்லையில நின்னு சுட்டா அடுத்தவங்க வீட்டு வாசல்ல போய் விழும், எந்தப் பக்கம் பாத்து சுடக்கூடாதுன்னு கூடவே நடந்து போய் கையை நீட்டிக் காட்டுங்க. பக்கத்துல மலாய்க்காரங்க கம்பம் (கிராமம்) இருந்தா செத்த பன்னிய அந்த ரோட்டு வழியா தொறந்த வண்டியில கொண்டு போகக்கூடாதுன்னு இப்பவே பேசிடுங்க, காலங்காலமா ஒண்ணா இருக்குறவங்க மனசை 300 வெள்ளிக்காக நோகடிக்கக்கூடாது.

இன்னொண்ணு, சும்மா உள்ள விட்ட ஆளுக்கும் காசு வாங்கிட்டு விட்ட ஆளுக்கும் சட்டம் வித்தியாசம் பாக்கும். காசு வாங்குனா அவன் பாதுகாப்புல உங்க பொறுப்பு கூடுது. நாளைக்கு ஒருத்தன் பழைய கிணத்துல விழுந்தா "நான்தான் அனுமதி கொடுத்தேன், பாத்துப் போயிருக்கணும்"னு சொல்லித் தப்பிக்கிறது கஷ்டம். ஒரு வக்கீலை வச்சு ரெண்டு பக்கத்துல எழுதிக்குங்க.

என்னைக் கேட்டா அந்த 300ஐ வாங்காம ஜெர்மனிக்காரங்க மாதிரி பேசிப் பாருங்க. அங்க வேட்டை உரிமை நிலத்தோட சேந்தது, ஆனா 75 ஹெக்டர் ஒரே துண்டா இருந்தாத்தான் தனியா வேட்டை நிலம், சின்ன நிலத்துக்காரங்க எல்லாம் சேந்து ஒரு சங்கமாத்தான் குத்தகைக்கு விடுவாங்க, பெரும்பாலும் குத்தகை எடுத்தவரே பன்னி, மான் பண்ணுன பயிர் சேதத்துக்கும் பணம் கட்டணும். நீங்களும் பக்கத்து நிலத்துக்காரங்களோட சேந்து, "வர்றவங்க கன்னைச் சுத்தி வேலி போட்டுக் கொடுங்க, அப்புறமும் பன்னி தின்னா கன்னு வாங்கிக் கொடுங்க"ன்னு கேளுங்க. உங்களுக்கு வேண்டியது கன்னு பொழைக்கணும், அவ்ளோதானே.

கேள்வி: எங்க தாத்தா காலத்துல தோட்டத்துல யாரு வேணாலும் பன்னி அடிக்கப் போவாங்க, கறி ஊரே பங்கு போட்டுக்கும். இப்போ எல்லாத்துக்கும் காசு கேட்டா எங்கள மாதிரி ஆளு என்ன செய்யறது?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தம்பி, உங்க வருத்தம் நியாயம்தான், அமெரிக்காலயும் இதே வருத்தம் உண்டு, காசு இருக்குறவன் நல்ல நிலத்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்துட்டா மத்தவன் எங்க போவான்னு. அதுக்கு மோன்டானா மாநிலம் 1985லேர்ந்து ஒண்ணு செய்யுது, அரசாங்கமே நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்து பொதுமக்கள் இலவசமா வேட்டைக்குப் போக வழி பண்ணுது. கன்சாஸும் 1995லேர்ந்து அதே மாதிரி. ஆனா நிலத்துக்காரரையும் நீங்க யோசிக்கணும், கன்னு போனது அவருக்கு, வேலி உடைஞ்சது அவருக்கு, கறி மட்டும் நமக்குன்னா எப்படி? நீங்க போறதா இருந்தா காலையில வேலி கட்ட, தென்னை மட்டை அள்ள ஒரு கை கொடுங்க, நெறைய பேரு அதுக்கே உள்ள விடுவாங்க.

கேள்வி: வேட்டைக்கு வந்தவங்க கறி கொடுத்தாங்க. பன்னிக்காய்ச்சல் பயமா இருக்கு, சாப்பிடலாமா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஆப்பிரிக்கப் பன்னிக்காய்ச்சல் மனுசனுக்கு ஒட்டாதும்மா. நல்லா வேகட்டும், காட்டுப்பன்னியில பூச்சி இருக்கும், உள்ள செவப்பே தெரியாமப் போற வரைக்கும் அடுப்புல இருக்கட்டும். ஆனா சுட்டவங்களோட பூட்ஸ், கத்தி, வண்டி டயர் வழியா அந்தக் கிருமி பன்னிப் பண்ணைக்குப் போயிடும், 2021 டிசம்பர்லேர்ந்து தீபகற்ப மலேசியாவுலயும் அது இருக்கு. உங்க வீட்டு வாசல்ல கறி வெட்ட விடாதீங்க, எலும்பை வெளிய வீசாம ஆழமா புதைங்க, பக்கத்துல பண்ணை வச்சிருக்குறவங்க இருந்தா அந்த ஆளுங்க பூட்ஸைக் கழுவாம அங்கிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லுங்க.