அலுவலகத்தில் விழுங்கியது வீட்டில் வெடிக்கிறது

கேள்வி: என் குழுவில் இருக்கும் ஒருவர், நான் தயாரித்த அறிக்கையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றி மேலாளருக்கு அனுப்பிவிடுகிறார். மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுகிறேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விடுவார். நான் பின்னாலேயே போய், பதில் சொல்லச் சொல்லி நிற்பேன். இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அறைக்குள் பின்தொடர்ந்து போவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பேசாமல் போகிறவர் அலட்சியம் செய்கிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்தவர் உளவியலாளர் ஜான் காட்மன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்குப் படபடப்பு வந்துவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது என்கிறார் அவர். வெளியே கல் மாதிரி இருப்பவருக்கும் உள்ளே இது நடந்துகொண்டிருக்கலாம். அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் படபடப்பு அப்படியேதான் இருக்கும். நடந்துவிட்டு வாருங்கள், பாத்திரம் கழுவுங்கள், எதையாவது செய்யுங்கள்.

ஆனால் சொல்லாமல் எழுந்து போவது வேறு, சொல்லிவிட்டுப் போவது வேறு. “இப்போது என்னால் ஒழுங்காகப் பேச முடியாது, ஒன்பது மணிக்குப் பேசலாம்” என்று நேரம் குறித்துவிட்டுப் போனால், மற்றவர் அந்தரத்தில் தொங்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை, சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளை கேட்டவர்தான் குறித்த நேரத்தில் வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இது முக்கியம். இல்லையென்றால் இடைவேளை என்பது நழுவுவதற்கு நல்ல சாக்காகிவிடும்.

அப்புறம், அலுவலகத்தில் நடப்பதை மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாவிட்டால், உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

இனி அந்தச் சக ஊழியர். மூன்று மாதம் பொறுத்ததில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் தடவையே கேட்டிருந்தால் அது ஓர் அறிக்கையைப் பற்றிய பேச்சு. இப்போது அவர் எப்படிப்பட்ட ஆள் என்ற தீர்ப்பே உங்கள் மனதில் எழுதி முடிந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் “நீங்கள் எப்பவுமே இப்படித்தான்” என்றுதான் வாய் திறக்கும். அதைக் கேட்டதும் அவர், அப்படி இல்லாத இரண்டு நாட்களைத் தேடிப் பிடித்து வாதாடுவார். பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆகவே கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். “செவ்வாய்க்கிழமை அனுப்பிய அறிக்கையில் மூன்றாம் பக்கத்து எண்கள் மாறியிருந்தன. கூட்டத்தில் என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மாற்ற வேண்டிய அவசியம் என்ன வந்தது?” நடந்தது, அதனால் உங்களுக்கு வந்த சிக்கல், ஒரு கேள்வி. அவ்வளவுதான். ‘நான்’ என்று தொடங்கிப் பேசச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். “நீங்கள் சுயநலக்காரர் என்று நான் நினைக்கிறேன்” என்பதிலும் ‘நான்’ இருக்கிறது, அதனால் வசவு வசவு இல்லாமல் போய்விடாது. தனியாக, நேரில் பேசுங்கள். மேலாளருக்கும் நகல் போட்டு மின்னஞ்சல் அனுப்பினால் அது புகார். அவரும் புகாருக்குத்தான் பதில் எழுதுவார்.

கேட்ட கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை நிஜமாகவே கேளுங்கள். மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற நிர்வாகவியல் சிந்தனையாளர் 1925-லேயே சொன்ன அனுபவம் ஒன்று உண்டு. நூலகத்தில் ஒரு சிறிய அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்குமே அரைகுறைதான். யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலை அவர்கள் திறந்துவைத்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டியது, வாடைக்காற்று நேராக மேலே படாமல் இருப்பது. உங்கள் விஷயத்திலும், ‘மாற்றாதே’, ‘மாற்றுவேன்’ என்பதற்குக் கீழே ஏதோ இருக்கும். மேலாளர் அவரைக் கடைசி நேரத்தில் நெருக்கலாம். எண்களைச் சரிபார்க்கும் பொறுப்பு தன்னுடையது என்று அவர் நினைக்கலாம். அப்படியென்றால், அனுப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இருவரும் சேர்ந்து பார்ப்பது என்ற ஏற்பாடே போதும். ஒத்துக்கொண்டதை அன்றைக்கே இரண்டு வரியில் அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஒன்று: உங்கள் பெயரை நீக்கிவிட்டுத் தன் வேலையாகக் காட்டுகிறார், அல்லது மிரட்டுகிறார் என்றால் இதெல்லாம் பொருந்தாது. தேதியோடு குறித்துவைத்து மேலாளரிடம் போங்கள். வீட்டிலும் அப்படியே. உங்களைப் பார்த்து மனைவி பயப்படுகிறார் என்றால், பேச்சு முறையைத் திருத்துவதற்கு முன் நீங்கள் ஓர் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

பேசிய பிறகும் அவர் மறுபடி மாற்றி அனுப்பலாம். ஒரு தடவையாவது அப்படி நடக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்போது அன்று மாலைக்குள் கேட்டுவிடுங்கள்.