“லெட்ஸ் டேபிள் திஸ்” என்றால் பேசலாம் என்றா, வேண்டாம் என்றா?

அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த உங்கள் மேலாளர் இப்படி எழுதியிருக்கிறார், நாளைய கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அப்படியென்றால் “இதை இப்போதைக்குத் தள்ளி வைப்போம்” என்றுதான் பொருள். நாளைய கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிக்க வேண்டியதில்லை.

குழப்பத்துக்குக் காரணம் நம் ஊர் ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்தது. அங்கே ‘டேபிள்’ செய்வது விவாதத்துக்கு முன்வைப்பது, நேர் எதிர்ப்பொருள். நம் நாடாளுமன்றத்திலும் அறிக்கையை அவையின் மேசையில் வைப்பார்கள். இரண்டு பொருளுக்கும் வேர் ஒரே மேசைதான் (லத்தீனில் ‘டாபுலா’, பலகை). லண்டனில் மேசைக்கு வந்த தாள் பேச்சுக்கு வந்தது. வாஷிங்டனில் மேசையில் போட்ட தாள் அங்கேயே கிடந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தால், பெரும்பாலும் அதன் கதை முடிந்தது!

சந்தேகம் வந்தால் அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். ‘ஃபார் நவ்’, ‘அன்டில்’ வந்தால் ஒத்திவைப்பு. ‘அமெண்ட்மெண்ட்’, ‘கொஸ்டின்’ போன்றவற்றை ‘டேபிள்’ செய்வதாக லண்டன்காரர் எழுதினால் சமர்ப்பிப்பு.

கனடாக்காரர் எழுதியிருந்தால் மட்டும் ஊகிக்காதீர்கள், அங்கே இரண்டும் புழக்கத்தில் உண்டு. நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் எழுதும்போது நீங்களும் இந்தச் சொல்லைத் தவிர்த்து ‘போஸ்ட்போன்’ என்றே போடுங்கள்.