குறைந்த பட்ஜெட்டில் பழைய ஹாட் ராட் கூப்பே கட்ட முடியுமா?

முடியும். (ஹாட் ராட் என்பது பழைய காரில் வலுவான எஞ்சின் ஏற்றி வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது; கூப்பே என்பது இரண்டு கதவு கார்.) ஆனால் எந்த வண்டியில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் பாதிச் செலவு இருக்கிறது. அமெரிக்காவில் எல்லாரும் தேடுவது 1932 ஃபோர்டு கூப்பே. அதன் அசல் இரும்பு பாடிக்கு இருக்கும் கிராக்கியில் சின்ன பட்ஜெட் கரைந்துவிடும். அதற்குப் பதில் 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ கூப்பேயைப் பாருங்கள். 40 லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல், உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பெயின்ட் போயிருந்தால் பரவாயில்லை, ஃபிரேம் துருவேறியிருந்தால் தொடாதீர்கள். உரிமைப் பத்திரம் இல்லாத வண்டியும் வேண்டாம்.

அடுத்து, மாற்றி ஏற்றும் எஞ்சின். ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8 (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின்) எனக்கும் பிடிக்கும், ஆனால் புதுப்பிக்கப் பணம் நிறைய ஆகும். செவ்ரோலெட் 350 எஞ்சின் (350 கன அங்குல வி8) மலிவு, பழைய வண்டி உடைக்கும் இடங்களில் தேடலாம்.

பிரேக்கில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. மாடல் ஏ-வின் பிரேக் கம்பிகளால் இழுபடுவது, 40 குதிரைத்திறன் எஞ்சினுக்காக அமைத்தது. வி8 வேகத்துக்கு அது போதாது. ஃபோர்டு 1939-இல்தான் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்குக்கு மாறியது. 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டு கார்களின் பிரேக்கை எடுத்து மாட்டுவது அந்தக்கால ஹாட் ராட்காரர்களின் வழக்கம், இன்றும் நல்ல வழிதான். அப்புறம், மெல்லிய ஃபிரேமின் உட்புறம் தகடு வைத்து வெல்டு அடித்துப் பலப்படுத்திவிட்டே வி8-ஐ ஏற்றுங்கள்.