வேலைக் காட்சிகளை வெட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தீம் பார்க் ஒன்றில் கோடை விடுமுறை வேலைக்குச் சேரும் நான்கு பதின்வயதினரைப் பற்றி இளையோர் நாவல் எழுதிவருகிறேன். காதலும் நட்பும் வரும் பகுதிகள் விறுவிறுப்பாக இருக்கின்றன, வேலைக் காட்சிகள்தான் அலுப்பூட்டுகின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவற்றை வெட்டிவிடலாமா? முதல் இரண்டு அத்தியாயங்களை இணைத்துள்ளேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெட்ட வேண்டாம். வேலையை எடுத்துவிட்டால் உங்கள் நால்வரும் எங்கு வேண்டுமானாலும் காதலிக்கலாம். அதற்குத் தீம் பார்க் எதற்கு? உங்கள் நண்பர்களின் அலுப்பு நியாயமானதுதான். ரோலர் கோஸ்டரின் பாதுகாப்புக் கம்பி பூட்டப்படும் முறையை அரைப் பக்கம் விளக்குகிறீர்கள். அந்த விளக்கத்தால் கதையில் யாருக்கும் எதுவும் நேர்வதில்லை.

வரிசையின் முகப்பில் உயரம் அளக்கும் கோலுடன் நிற்கும் 16 வயதுப் பையனிடம் அந்தக் காட்சியை ஒப்படையுங்கள். குழந்தை ஒரு விரற்கடை குறைவு. யாரும் சொல்லாமலேயே குதிகாலை மெல்ல உயர்த்துகிறது, பையன் அதைப் பார்த்துவிடுகிறான். வெயிலில் வெகுநேரம் காத்திருந்த தந்தை முதலில் கெஞ்சி, பிறகு குரலை உயர்த்தி, கடைசியில் மேலாளரைக் கூப்பிடச் சொல்கிறார். பெரியவர் ஒருவரிடம் வாழ்க்கையில் முதன்முறையாக முடியாது என்று சொல்ல வேண்டிய அந்தப் பையன், அதைச் சிரித்த முகத்துடன் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983இல் விமானப் பணியாளர்களை முன்வைத்து ‘உணர்ச்சி உழைப்பு’ என்று எழுதியது இதைப் பற்றித்தான். நாள் முழுவதும் சம்பளத்துக்காகச் சிரித்தவன் மாலையில் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அதை நம்பலாமா என்று உங்கள் நாயகி தயங்கினால், வேலைக் காட்சியும் காதல் காட்சியும் ஒன்றாகிவிடும். (ராட்டின உச்சியில் முத்தம் வேண்டாமே, அதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்.)

நாயகிக்கு 15 வயது என்கிறீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி 16 வயது நிரம்பாதவர்கள் ராட்டினங்களை இயக்கக் கூடாது. கோடையிலும் இரவு 9 மணிக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அவள் பாப்கார்ன் கடையை விட்டு வீடு திரும்பிய பிறகும் மற்ற மூவரும் பூங்காவில் இருப்பார்கள். கூட்டம் கலைந்த பின் அவர்களுக்குள் முளைக்கும் கேலிகளும் ரகசியங்களும் அவளுக்கு மறுநாள்தான், அதுவும் அரைகுறையாகத்தான் தெரியவரும். இரண்டாம் அத்தியாயத்தில் தொலைந்துபோன கைபேசியை வைத்து நீங்கள் வலிந்து உண்டாக்கிய பிரிவு அப்போது தேவைப்படாது.

இன்னொன்று, உங்கள் நாவலில் யாருமே சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதிய விதியிலிருந்து விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம் என்பதால், கதை நிகழும் மாநிலத்தை முடிவுசெய்துவிட்டு அதையும் படித்துப் பாருங்கள். நால்வரில் ஒருவராவது முதல் சம்பளச் சீட்டைப் பிரித்து, பிடித்தம் போக மிஞ்சியதைக் கணக்குப் பார்க்கட்டும்.

எதையாவது வெட்டியே தீர வேண்டுமென்றால், முதல் அத்தியாயத்தின் வாணவேடிக்கை வர்ணனையை வெட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பாத்திரங்கள் வெளியேறும் கூட்டத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருப்பார்கள். வானத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரமிருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்